அப்பன் பெயருக்குக் கீழே மகன் பெயர்

புதிதாகப் பணியேற்கும் காவல் உதவி ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஊனமாஞ்சேரியில் பயிற்சியை முடித்துவிட்டு, தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு முதல் ஸ்டேஷனுக்குப் போகப் போகிறீர்கள். போன சில நாட்களிலேயே அனுபவம் மிக்க ஏட்டு ஒருவர் உங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லையைச் சுற்றிக் காட்டுவார். எந்த டாஸ்மாக் வாசலில் தகராறு வரும், எந்தச் சந்தில் கஞ்சா கைமாறும் என்பதோடு சில வீடுகளையும் காட்டுவார். “அது இன்னார் வீடு சார். அப்பன் ஹெச்.எஸ்., மூத்தவன் இப்போ புழல் ஜெயில்ல இருக்கான், சின்னவன் பத்தாவது படிக்கிறான். அவனும் வந்துருவான்.”

அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் காவல் துறைக்காரன் இல்லை. நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பிடித்துக்கொண்டு வந்தவரின் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, என்ன வருமானம், யார் குடிக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்றெல்லாம் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. நீங்கள் பார்க்கப் போகும் அதே குடும்பங்களைத்தான் நானும் பார்த்தேன். நீங்கள் பெரும்பாலும் விடியும் முன் போவீர்கள். நான் பகலில் போனேன். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வேறுபாடு இல்லை.

ஏட்டு சொல்வது பொய் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குற்றம் சில குடும்பங்களில் குவிகிறது. இதை உலகத்தில் மிக நீண்ட காலம் உட்கார்ந்து கவனித்தவர்கள் லண்டன்காரர்கள். 1961இல் தென் லண்டனில் உழைப்பாளர் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி ஒன்றில் எட்டு, ஒன்பது வயதுப் பையன்கள் 411 பேரை எடுத்துக்கொண்டு டொனால்ட் வெஸ்ட் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் டேவிட் ஃபாரிங்டன் அதை ஏற்று நடத்தினார். குற்றவியல் படித்தவர்கள் கேம்பிரிட்ஜ் ஆய்வு என்று சொல்வது இதைத்தான். அந்தப் பையன்களை ஐம்பது வயது தாண்டும்வரை விடாமல் தொடர்ந்தார்கள். பெற்றோர், உடன்பிறந்தவர் என்று குடும்பத்தோடு சேர்த்து நீதிமன்றப் பதிவுகளை அலசியபோது, ஆறு சதவீதத்துக்கும் குறைவான குடும்பங்களிலேயே மொத்தத் தண்டனைகளில் பாதி அடங்கியிருந்தது தெரிந்தது. தண்டனை பெற்ற தகப்பனுக்குப் பிறந்த பையன்களில் 63 சதவீதம் பேர் தாங்களும் தண்டனை பெற்றார்கள். மற்ற பையன்களில் அது 30 சதவீதம்.

ஏட்டுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் “நான்தான் சொன்னேனே சார்” என்பார். அவரிடம் ஒன்று கேளுங்கள். மீதி 37 சதவீதம் பேர் வரவில்லையே, அவர்கள் யார் யார் என்று பத்தாம் வகுப்பிலேயே அடையாளம் காட்ட முடியுமா? லண்டனில் முடியவில்லை. உங்கள் எல்லையிலும் முடியாது.

இனி, எப்படி வருகிறது என்ற கேள்வி. தகப்பன் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூட்டு உடைக்கச் சொல்லித் தருவான் என்பது சினிமா. லண்டன் ஆய்வில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரே குற்றத்தைச் செய்து தண்டனை பெற்றது அபூர்வத்திலும் அபூர்வம். தண்டனை பெற்ற தகப்பன்மார் தங்கள் பிள்ளைகள் அந்த வழிக்குப் போவதைக் கடுமையாகக் கண்டித்தவர்களாகவே இருந்தார்கள். நான் பார்த்ததும் அதுதான். வீடு புகுந்து திருடியதற்காகப் பலமுறை உள்ளே போய் வந்த ஒருவர் என்னிடம் கேட்டதெல்லாம், தன் மகனுக்கு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு கிடைக்குமா என்பது மட்டுமே. தன் வழக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தன் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அவருக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அப்படியானால் ரத்தத்தில் வருகிறதா? இதற்கும் விடை தேடியிருக்கிறார்கள். டென்மார்க்கில் 1924க்கும் 1947க்கும் இடையில் தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் பதிவுகளை சார்னாஃப் மெட்னிக் குழுவினர் ஆராய்ந்து 1984இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பெற்றவரும் சரி, வளர்த்தவரும் சரி, தண்டனை பெறாத நிலையில் தத்துப் போன ஆண் பிள்ளைகளில் 13.5 சதவீதம் பேர் பின்னாளில் தண்டனை பெற்றார்கள். பெற்றவர் மட்டும் தண்டனை பெற்றிருந்தால் அது 20 சதவீதம். ஆக, பிறப்புக்குச் சிறிது பங்கு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. கோபம், பொறுமையின்மை, ஆபத்தை நாடும் குணம் எல்லாம் ஓரளவு பிறப்போடு வருபவைதாமே. ஆனால் குற்றவாளிக்குப் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் எந்தத் தண்டனையும் பெறவில்லை. இன்னொன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. இந்தத் தொடர்பு திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களில்தான் தென்பட்டது. அடிதடி, கொலை போன்ற வன்முறையில் பெற்றவருக்கும் பிள்ளைக்கும் தொடர்பே தென்படவில்லை. “வெட்டுக்குத்து அவங்க ரத்தத்திலேயே இருக்கு சார்” என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தமும் பெரிதாக இல்லை, பயிற்சியும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது வாழ்க்கைதான். நெரிசலான வீடு, குறைந்த வருமானம், பள்ளியில் பின்தங்குதல், சின்ன வயதிலேயே திருமணம், அப்பன் சுற்றிய அதே தெருவில் அப்பனின் கூட்டாளிகளின் பிள்ளைகளோடு மகனும் சுற்றுவது. இவை எல்லாம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு வீட்டுப் பாத்திரங்களைப் போலக் கைமாறுகின்றன. லண்டன் பையன்களில் சிலருடைய குடும்பங்கள் ஊரை விட்டு வெளியே குடிபெயர்ந்தன. பெயர்ந்த பிறகு அந்தப் பையன்கள் குற்றம் செய்வது குறைந்தது. பையன் அதே பையன், தகப்பன் அதே தகப்பன். மாறியது தெரு ஒன்றுதான். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற குடியிருப்புகளுக்கு நகரத்தின் நடுவிலிருந்து ஏழைகளை மொத்தமாக வண்டியேற்றி அனுப்பியவர்கள் இதைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு குடும்பத்தைத் தெருவிலிருந்து பிரிப்பது ஒன்று, தெருவையே அள்ளிக்கொண்டு போய் வேலையில்லாத இடத்தில் கொட்டுவது வேறு. சரி, அது உங்கள் கையில் இல்லாத விஷயம்.

உங்கள் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று கைது. மற்றது பதிவேடு.

கைதை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் தட்டி அப்பனை இழுத்துக்கொண்டு போகும்போது அந்த வீட்டில் பாயில் படுத்திருக்கும் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும். அவன் அப்போது பார்ப்பது அவனோடு நெடுநாள் இருக்கும். இதற்குப் பிறகு நடப்பதைப் பெரும்பாலான காவலர்கள் பார்ப்பதில்லை, நான் பார்த்திருக்கிறேன். அம்மா வக்கீலுக்கு முன்பணம் கொடுக்கத் தோட்டை அடகு வைப்பார். அடகு வைக்க எதுவும் இல்லாதபோது கந்துவட்டி. வாரம் ஒருநாள் ‘மனு பார்க்க’ச் சிறைக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. இரண்டு மாதத்தில் மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டு ஏதாவது ஒரு பட்டறைக்கோ மீன் சந்தைக்கோ போய்விடுவான். வகுப்பில் ஆசிரியரே “உங்கப்பா எங்கடா?” என்று கேட்ட பிறகு இளையவனும் போக மாட்டேன் என்பான். அப்பன் குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்காது. 2022 டிசம்பர் 31 நிலவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பிள்ளைகளுக்கு முதலில் வந்து சேர்கிறது, அப்பனுக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும்.

இதையும் அளந்து பார்த்தவர்கள் உண்டு. லண்டன் பையன்கள் பெரும்பாலும் 1953ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். ஸ்வீடனில், அதே 1953இல் பிறந்து ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் வளர்ந்த பதினைந்தாயிரத்துச் சொச்சம் பேரைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஜோசஃப் மரே, கார்ல்-குன்னார் யான்சன், ஃபாரிங்டன் மூவரும் 2007இல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாட்டிலும், பெற்றோர் சிறைக்குப் போன பிள்ளைகள் பின்னாளில் கூடுதலாகக் குற்றம் செய்தார்கள். ஆனால் ஸ்வீடனில், பெற்றோர் எத்தனை குற்றம் செய்தவர் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் சிறையின் தனிப் பாதிப்பு காணாமல் போயிற்று. இங்கிலாந்தில் போகவில்லை. அங்கே சிறை என்பதே பிள்ளையின் தலையில் கூடுதல் பாரமாக ஏறி நின்றது. ஏன் இந்த வேறுபாடு? ஸ்வீடனில் சிறைத் தண்டனைக் காலம் குறைவு. குடும்பத்தோடு தொடர்பு அறுந்துபோகாதபடி சிறை நடைமுறை இருந்தது. வீட்டில் மிச்சம் இருப்பவர்களை அரசு பட்டினி போடவில்லை. கைதியின் பிள்ளை என்றால் ஊர் முகம் சுளிப்பதும் குறைவு. இவையெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகள், ஒரே மாதிரித் தகப்பன்கள். ஆனாலும் நாட்டுக்கு நாடு விளைவு வேறு. பிறவிக் குணம் என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது.

நம் ஊருக்கே உரிய ஒரு வகையையும் சொல்லியாக வேண்டும். பழிக்குப் பழி. தென் மாவட்டங்களிலோ வடசென்னையிலோ பணியாற்றப் போகிறவர்களுக்கு இது தெரியாமல் தீராது. அப்பன் வெட்டுப்பட்டுச் செத்த வீட்டில், கொன்றவன் ஜாமீனில் வந்து அதே தெருவில் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பையன் வளர்கிறான். ஒவ்வொரு நினைவு நாளிலும் அவன் கண் முன்னால் ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். அப்பனின் ஆட்கள் அவனைத் தோளில் தட்டி “நீ எப்படா பெரியவனாவே?” என்று கேட்கிறார்கள். இங்கே குற்றம் உண்மையாகவே வாரிசுச் சொத்தாகக் கைமாறுகிறது. இந்தப் பையன் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். தெரிந்தால்தான் ஒரு கொலையைத் தடுக்கலாம். அப்பனின் கொலை வழக்கு விசாரணை இழுத்தடிக்கப்படாமல் நடக்கிறதா, சாட்சிகள் பிறழாமல் இருக்கிறார்களா என்று கவனிப்பதும் அந்தத் தடுப்பில் சேரும். நீதிமன்றத்தில் கிடைக்காத தீர்ப்பைத்தான் அவனைக் கொண்டு எழுதப் பார்க்கிறார்கள்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன்.

லண்டன் ஆய்வுக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நீதிமன்றப் பதிவை மட்டும் நம்பாமல், பையன்களிடமே “என்னென்ன செய்திருக்கிறாய்?” என்று ரகசியமாகக் கேட்டு எழுதி வைத்தார்கள். அதனால் யார் எவ்வளவு செய்தார்கள், யார் எவ்வளவு மாட்டினார்கள் என்ற இரண்டையும் ஒப்பிட முடிந்தது. சித்ஸ்கே பெசமர் என்ற ஆய்வாளரும் ஃபாரிங்டனும் காட்ரீன் பைலெவெல்டும் இந்த ஒப்பீட்டைச் செய்தபோது வந்த முடிவு இது: தாங்களே சொன்ன குற்ற அளவு ஒன்றாக இருந்தாலும், தண்டனை பெற்ற பெற்றோரின் பிள்ளைகள் கூடுதலாகத் தண்டிக்கப்பட்டார்கள். வீட்டு வருமானம் குறைவாக இருந்தாலும், வீடு மோசமாக இருந்தாலும் அதே கதைதான். அதாவது இரண்டு பையன்கள் ஒரே சுவரேறிக் குதித்தால், அப்பன் பெயர் ஏற்கெனவே ஸ்டேஷனில் இருப்பவன் வழக்காகிறான், மற்றவன் எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போகிறான். ஒருமுறை தண்டனை பெற்ற பையன் அதன் பிறகு குறைவாகக் குற்றம் செய்தானா என்றும் பார்த்தார்கள். கூடுதலாகத்தான் செய்தான்.

நான் மேலே சொன்ன 63 சதவீதத்தில் ஒரு பங்கு இப்படி உருவானது. அது குடும்பத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். அப்பனுக்கு, ஏட்டு ‘ஹெச்.எஸ்.’ என்றாரே, அந்த வரலாற்றுப் பதிவேடு திறக்கப்பட்டிருந்தது. மகன் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். அவன் பெயரில் ஒரு வழக்கும் கிடையாது. ஊரில் தேர்த்திருவிழா வந்தது. திருவிழாவுக்கு முந்தைய நாள் ‘முன்னெச்சரிக்கை’ என்று பட்டியலைப் பார்த்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். அப்பன் அகப்படவில்லை, மகன் அகப்பட்டான். காலையில் பட்டறையிலிருந்து வண்டியில் ஏற்றிப்போனவனைச் சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. கூப்பிட்டவர்களைக் கேட்டால் மரியாதையாகத்தான் நடத்தினோம் என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பட்டறைக்காரர் மறுநாள் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கும் கடை நடத்த வேண்டுமே. அடுத்த ஆண்டு ஒரு வழிப்பறி வழக்கில் அந்தப் பையனைப் பற்றி நான் அறிக்கை எழுதினேன்.

அவனைக் கூப்பிட எந்தச் சட்டப்பிரிவு இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். சந்தேகப்படும்படி மறைந்திருப்பவருக்கும் வழக்கமாகக் குற்றம் செய்பவருக்கும் நன்னடத்தைப் பிணை கேட்கும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110 பிரிவுகள் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 128, 129 என்று எண் மாறியிருக்கின்றன. அந்த இரண்டிலுமே ‘இன்னாருடைய மகன்’ என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படவில்லை.

இதே நாட்டில் அப்படிச் சொன்ன சட்டம் ஒன்று இருந்தது. 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம். நெசவாளி மகன் நெய்கிறான், தச்சன் மகன் தச்சுவேலை பார்க்கிறான், அதுபோலக் குற்றமும் இந்தியாவில் பிறப்பால் வரும் தொழில் என்பது அதன் அடிப்படை வாதம். 1911 சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர், குறவர் என்று பல சமூகங்கள் மொத்தமாகப் பட்டியலில் ஏறின. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனுக்கு வந்து ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பெண் பார்க்கப் போவதானாலும் துக்கத்துக்குப் போவதானாலும் அந்தச் சீட்டு இல்லாமல் முடியாது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்தை எதிர்த்து அந்த மக்களுக்காக வாதாடினார். ரோசாப்பூ துரை என்று அவரை அழைத்த மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31லும் சட்டம் ஒழிந்தது.

குற்றம் பரம்பரையாக வருகிறது என்ற கருத்தை இவ்வளவு பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடம் உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. சோதனையின் முடிவு நம் கண் முன்னால் இருக்கிறது. பட்டியலில் இருந்த ஊர்களில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. ரேகை வைத்தவர்களின் பேரன் பேத்திகள் அந்தப் பள்ளிகளில் படித்து ஆசிரியர்களாக, மருத்துவர்களாக, ராணுவத்தினராக, காவல் அதிகாரிகளாக ஆனார்கள். இந்த மடலைப் படிக்கும் உங்களில் சிலருடைய கொள்ளுத்தாத்தாவின் கட்டைவிரல் ரேகை ஏதோ ஒரு பழைய ஸ்டேஷன் ஏட்டில் இருந்திருக்கும். ரத்தம் அப்படியேதான் இருக்கிறது. சீட்டு வாங்கும் கட்டாயம் போய், பள்ளிக்கூடமும் நிலமும் வேலையும் வந்தன.

எல்லோருக்கும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறவர்கள் இன்றும் கண்டுபிடிக்கப்படாத திருட்டு வழக்குகளுக்குக் கையருகே இருக்கும் ஆட்களாகவே நடத்தப்படுகிறார்கள். ஜெய் பீம் படம் எந்த வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். படத்தில் பாதிக்கப்பட்டவர் இருளர், உண்மை வழக்கில் குறவர். குற்றப்பரம்பரைச் சட்டம் போன இடத்தில் ‘வழக்கமான குற்றவாளி’ சட்டங்கள் வந்து உட்கார்ந்துகொண்டதையும், பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பழங்குடியினரைச் சில மாநிலங்களின் சிறைக் கையேடுகள் அந்தச் சொல்லோடு சேர்த்தே எழுதி வைத்திருந்ததையும் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3ஆம் தேதி சுகன்யா சாந்தா வழக்கில் எடுத்துக்காட்டி, அப்படிப்பட்ட விதிகளைச் செல்லாது என்றது.

அதே ஆண்டு மே 7ஆம் தேதி வந்த இன்னொரு தீர்ப்பு நேரடியாக உங்கள் மேசைக்கானது. டெல்லி சட்டமன்ற உறுப்பினர் அமானத்துல்லா கான் மீது போலீஸ் வரலாற்றுப் பதிவேடு திறந்தது. அதில் உறவினர், தொடர்பாளர் பற்றிய பத்தியில் பள்ளிக்குப் போகும் அவருடைய பிள்ளைகளின் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போன பிறகு டெல்லி போலீஸ் தன் நிலையாணையைத் திருத்தியது. குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தாலொழிய, மைனர் உறவினர் யாருடைய விவரமும் பதிவேட்டில் எங்கும் இருக்கக் கூடாது என்பது அந்தத் திருத்தம். நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி. விஸ்வநாதன் அமர்வு அதோடு நிற்கவில்லை. எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையைப் பரிசீலிக்க வேண்டும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடியினரில் எந்தத் தவறும் செய்யாதவர்கள் பெயர் யந்திரத்தனமாக ஏறிவிடாமல் பார்க்க வேண்டும், பதிவேடுகளை மூத்த அதிகாரி ஒருவர் அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்றது. பயிற்சியில் இந்தத் தீர்ப்பை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் தேடிப் படியுங்கள்.

நியாயமான மறுப்பு ஒன்று உங்களுக்குத் தோன்றும். குடும்பத்தைப் பற்றித் தெரியாமல் எப்படிக் காவல் காப்பது? தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சட்டத்தோடு முரண்பட்ட சிறாரைப் பற்றி எழுதும் சமூக விசாரணை அறிக்கைப் படிவத்திலேயே, குடும்பத்தில் வேறு யாராவது குற்றத்தில் ஈடுபட்டிருக்கிறார்களா என்று கேட்கும் பத்தி உண்டு. பணிக்காலம் முழுக்க நான் அதை நிரப்பியிருக்கிறேன். சிறார் நீதிக் குழுமம் அந்தத் தகவலைப் பார்ப்பது, இந்தப் பிள்ளைக்கு வீட்டில் யார் துணை, யாரிடம் ஒப்படைக்கலாம், என்ன உதவி தேவை என்று முடிவு செய்ய. ஸ்டேஷனில் அதே தகவலைப் பார்ப்பது அடுத்த திருட்டு நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய. லண்டன், ஸ்டாக்ஹோம் கணக்குகளைப் பார்த்தால் முதல் வழிதான் உங்கள் எல்லையில் குற்றத்தைக் குறைக்கும். இரண்டாவது வழி ஆள் சேர்க்கும்.

ஆகவே உங்களிடம் கேட்பது சில காரியங்கள், எதற்கும் அரசாணை தேவையில்லை. அவசரம் இல்லாத கைது என்றால் பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் செய்யுங்கள். அந்த நேரம் வாய்க்காவிட்டால், பிள்ளை பார்க்காத இடத்துக்கு ஆளைத் தள்ளி அழைத்து வந்து விலங்கு மாட்டுங்கள். எதிரில் இருப்பவனை அவன் மகன் முன்னால் ‘டேய்’ போட வேண்டாம். அந்த ஒரு சொல்லை அவன் மறந்தாலும் மகன் மறக்க மாட்டான். அம்மாவும் அப்பாவும் இருவருமே கைதாகும் வீட்டில் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், போக இடம் இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். ஒருவர் கைதானாலும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு கடிதம் போடலாம். தகுதியுள்ள பிள்ளைக்கு மிஷன் வத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை கிடைக்க வழி இருக்கிறது, அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்காது. பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை பேசி, பிள்ளை நின்றுவிடாமல் பார்க்கச் சொல்லலாம். சீருடையில் போகாதீர்கள். உங்கள் எல்லையில் காவல் துறை நடத்தும் சிறுவர் மன்றம் இருந்தால், அங்கே கேரம் ஆட முதலில் அழைக்க வேண்டியவன் ஏட்டு காட்டிய அந்த வீட்டுச் சின்னவன்.

தேர்த்திருவிழா வரும், தேர்தல் வரும், அமைச்சர் வருவார். பட்டியலைக் கொடு என்று மேலிருந்து கேட்பார்கள். எண்ணிக்கை காட்ட வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருக்கும், அதை நான் எளிதாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. இருந்தாலும், அப்பன் அகப்படவில்லை என்பதற்காக மகனை வண்டியில் ஏற்றாதீர்கள்.

பொறுப்பேற்றதும் ரைட்டரிடம் வரலாற்றுப் பதிவேடுகளை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் உறவினர் பற்றிய இடத்தைப் பாருங்கள். பதினெட்டு வயது நிறையாத யார் பெயராவது அங்கே இருந்தால், ஏன் இருக்கிறது, என்ன ஆதாரம் என்று கேளுங்கள். ஆதாரம் இல்லையென்றால், 2024 மே 7 தீர்ப்பைக் குறிப்பிட்டு, அந்தப் பெயரை நீக்க அனுமதி கேட்டு உங்கள் ஆய்வாளர் வழியாக டி.எஸ்.பி.க்கோ உதவி ஆணையருக்கோ அன்றைக்கே எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர்